அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஐந்தரை மணிக்கு உலகக் கடிகாரத்தில் ஒரு நொடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. பூமியின் சுழற்சிக்கும் கடிகாரங்களுக்கும் இடையே விழும் இடைவெளியைச் சரிக்கட்ட அவ்வப்போது செய்யப்படும் ஏற்பாடு அது. லீப் நொடி என்பார்கள். அந்த நொடி கடந்ததுமே உலகெங்கும் பல லினக்ஸ் சர்வர்களில் சிபியு பயன்பாடு உச்சிக்கு ஏறியது. ரெட்டிட் தளம் தடுமாறியது, மொசில்லாவின் சர்வர்கள் திணறின. ஜாவாவிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் ஓடிய சேவைகள் கூடுதலாக அடி வாங்கின. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் டேட்டா சென்டர்களில் அந்த இரவில் மின்நுகர்வு ஏறத்தாழ ஒரு மெகாவாட் கூடியதாக வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. யாருக்கும் எந்தப் பயனும் தராத கணக்கீட்டுக்காக அவ்வளவு மின்சாரம் எரிந்தது. சர்வர் பராமரிப்பில் இருந்த எங்கள் தலைமுறைக்கு அந்த ஞாயிறு மறக்காது. அன்று சர்வர்களை ரீஸ்டார்ட் செய்தவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்தவர்களுக்கும் தீர்ந்தது. ஆனால் இரண்டு தரப்புக்கும் அன்று கிடைத்தது ஒன்றல்ல. அந்த வேறுபாடுதான் இத்தனை ஆண்டுகளாக என் மனதில் நிற்கிறது.

இணையதளம் மந்தமாகிறது, சிபியு நூறு சதவீதம் காட்டுகிறது என்றால், எனக்கு நினைவு தெரிந்த காலம் முதல் அலுவலகங்களில் எழும் முதல் குரல் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்பதுதான். அதற்கும் மசியாவிட்டால் அடுத்தது, "பெரிய மெஷினா எடுத்துடலாம்." கேள்வியே கேட்காமல் சொல்லப்படும் பதில்கள் இவை. சிபியு உச்சத்தில் இருக்கிற அந்தச் சில நிமிடங்களைவிடக் காரணத்தைக் கண்டுபிடிக்க நல்ல நேரம் வேறு வாய்க்காது என்பதே என் உறுதியான எண்ணம். அந்த நேரத்தில் குற்றவாளியான கோட் எங்கேயோ ஒளிந்திருக்கவில்லை; கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த புராசஸ், எந்த த்ரெட், எந்த ஃபங்ஷன் என்று பெயரோடு எடுத்துவிடலாம். ரீஸ்டார்ட் செய்த மறுகணம் அத்தனை தடயமும் நினைவகத்தோடு சேர்ந்து அழிந்துபோகிறது. அதன்பிறகு மிஞ்சுவது ஊகம் மட்டும். ஆகவே எவ்வளவு அவசரமானாலும், அணைப்பதற்கு முன் ஒரு நிமிடமாவது பார்த்தாக வேண்டும் என்று வாதாடுகிறேன்.

லீப் நொடியையே எடுத்துக்கொள்வோம். கூடுதல் நொடி சேர்ந்த விவரம் லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. புரோகிராம்களைத் தூங்கவைத்து எழுப்பும் டைமர்கள் உண்மையான நேரத்தைவிட ஒரு நொடி முந்தி ஓடத் தொடங்கின. "என்னை இருபது மில்லிநொடி கழித்து எழுப்பு" என்று கேட்ட ஜாவா த்ரெட்டை, நேரம் எப்போதோ முடிந்துவிட்டது என்று கெர்னல் உடனே எழுப்பியது. எழுந்த த்ரெட்டுக்கு வேலை எதுவும் இல்லை; மறுபடி தூங்கக் கேட்டது; மறுபடி எழுப்பப்பட்டது. நொடிக்குப் பல்லாயிரம் முறை இது நடந்தால் சிபியு எப்படி ஓயும்? ஓடுகிற புராசஸை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த ஓயாத தூக்கமும் விழிப்பும் வெளிப்படையாகத் தெரிந்தது. கோளாறு கடிகாரத்தில் என்று தெரிந்ததும் பரிகாரமும் கிடைத்தது: தேதியை அதே தேதியாக மறுபடி அமைக்கும் ஒரே ஒரு கட்டளை. டைமர்கள் நேராகிவிட்டன, சிபியு இறங்கிவிட்டது, ஒரு சேவையைக்கூட நிறுத்த வேண்டியிருக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தவர்களுக்கும் சிபியு இறங்கியது உண்மைதான். ஆனால் நூறு சர்வர் வைத்திருந்தவர் நூறையும் அணைத்து எழுப்ப வேண்டியிருந்தது, அதுவும் ஏன் என்று தெரியாமல்.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? முதலில் அந்தச் சதவீதத்தையே பிரித்துப் பார்க்க வேண்டும். சிபியு பயன்பாடு என்பது நேரக்கணக்கு. செயலியின் நேரம் யார் பெயரில் எழுதப்பட்டது என்ற கணக்கு. 1984இல் வில்லியம் லெஃபெவ்ர் எழுதிய டாப் என்ற சிறு கருவியைப் பின்பற்றியவைதான் இன்றும் பெரும்பாலான சர்வர்களில் இந்தக் கணக்கைக் காட்டுகின்றன. நம் புரோகிராம் எடுத்துக்கொண்ட நேரம் யூசர் என்ற தலைப்பில் வரும். கெர்னல் எடுத்துக்கொண்டது சிஸ்டம் என்று வரும். டிஸ்க்குக்காகச் சும்மா காத்திருந்தது தனியே வரும். கிளவுடில் நம் பங்கைப் பக்கத்து மெஷினுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால் அது ஸ்டீல் என்று வரும். லோடு ஆவரேஜ் என்ற எண்ணைச் சிபியு பயன்பாடு என்றே பலர் நினைத்துவந்ததை நெடுங்காலம் பார்த்திருக்கிறேன். லினக்ஸில் 1993 முதலே, டிஸ்க் போன்றவற்றுக்காக இடைமறிக்க முடியாமல் காத்துக்கிடக்கும் புராசஸ்களும் அந்த எண்ணில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே சிபியு ஓய்வாக இருக்கும்போதே லோடு ஐம்பதைத் தொடலாம். அமேசான் கிளவுடின் டி2 வகை மெஷின்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அவற்றில் சிறிய வகைகளுள் ஒன்றான டி2 மைக்ரோவுக்கு நிலையான பங்கு ஒரு செயலியின் பத்து சதவீதமே. சேர்த்துவைத்த கிரெடிட் இருக்கும்வரை பாய்ந்து ஓடும், தீர்ந்ததும் தவழும். அங்கே மந்தத்துக்குக் காரணம் கோடில் அல்ல, வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. இத்தனை வேறுபட்ட காரணங்களும் வெளியே ஒரே முகத்தோடு வருகின்றன: தளம் மெதுவாகிவிட்டது. பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுத்தால் எந்தக் காரணத்துக்குக் கொடுக்கிறோம் என்பதே தெரியாது.

சிபியு எண்பது சதவீதத்தில் இருக்கும்போது ஓரளவு நன்றாக ஓடிய தளம், தொண்ணூற்றைந்தில் ஏன் முற்றிலும் படுத்துவிடுகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ரயில் நிலையத்தில் ஒரே ஒரு டிக்கெட் கவுண்டர் இருக்கிறது, ஆட்கள் முன்பின்னாக வந்துகொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர்காரர் தன் நேரத்தில் பாதிதான் வேலையாக இருக்கிறார் என்றால், வரிசை கணிதத்தின்படி ஒருவர் டிக்கெட்டோடு வெளியே வர, வரிசையே இல்லாதபோது ஆவதைப்போல் சராசரியாக இரண்டு மடங்கு நேரமாகும். தொண்ணூறு சதவீதம் வேலையாக இருந்தால் பத்து மடங்கு, தொண்ணூற்றைந்தில் இருபது மடங்கு. நிஜ சர்வரில் பல கோர்கள் இருப்பதால் இந்த வளைவு கொஞ்சம் தாமதமாக எழும். ஆனால் எழாமல் இருக்காது. இதிலிருந்து எனக்கு முக்கியமாகப் படுவது, கடைசிச் சில சதவீதம் செய்யும் வேலை. சர்வரை விளிம்பிலிருந்து தள்ளியது மிகச் சிறிய கூடுதல் சுமையாக இருக்கலாம். ஆனால் விளிம்புவரை கொண்டுவந்தது வேறு ஏதோ ஒரு பெரிய, பழைய சுமை. அன்று காலை மாற்றிய கோடை மட்டும் குற்றம் சாட்டுகிறவர்கள் இரண்டாவதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அந்தப் பழைய சுமைகளில் அதிகம் எதிர்ப்படுவது டேட்டாபேஸில் இல்லாமல்போன ஒரு இண்டெக்ஸ். நினைவகம் குறைவாக இருந்த காலத்தில், இண்டெக்ஸ் இல்லாத குவரி டேபிள் முழுவதையும் டிஸ்க்கிலிருந்து படிக்கும். காத்திருப்பு நேரமாக அது கணக்கில் வரும். இப்போது டேபிள் முழுக்க ரேமில் உட்கார்ந்திருக்கிறது. அதே தவறு இன்று சிபியு சுமையாக உருமாறி வருகிறது. ஜாவா உலகில் இதற்கு நேர்மாறான வேடம் உண்டு: ஹீப் என்ற நினைவகப் பகுதி நிரம்பிவிட்டால், பயனற்றதை அகற்றும் குப்பை சேகரிப்பான் இடம் தேடி ஓயாமல் ஓடும், சிபியு முழுக்க அதற்கே போகும். பார்வைக்குத் தட்டுப்பாடு சிபியுவில், உண்மையில் தட்டுப்பாடு நினைவகத்தில். வேர்ட்பிரஸ் தளங்களில் கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் பாட்கள் லாகின் பக்கத்தை இடைவிடாமல் தட்டும். கடவுச்சொல் சரிபார்ப்பு என்பது திருடர்களைத் தாமதப்படுத்துவதற்காகவே கணக்கீடு அதிகமாகும்படி அமைக்கப்பட்டது. அந்தச் செலவைச் சுமப்பது நம் சர்வர்தான். இண்டெக்ஸ் சேர்ப்பது, ஹீப்பைச் சரிசெய்வது, பாட்களை வாசலில் தடுப்பது என்று மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. மூன்றிலும் சதவீத எண் ஒன்றாகவே இருக்கும்.

பொதுவில் பதிவான இரண்டு சம்பவங்கள் இந்த வாதத்துக்கு வலுவான ஆதாரம். 2016 ஜூலை 20 அன்று, புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. யாரோ இட்ட ஒரு பதிவில், ஒரு வரிக்குள் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன. வரியின் முனைகளில் உள்ள வெற்றிடங்களைக் கத்தரிக்க எழுதிய ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம், அதில் மாட்டிக்கொண்டது. முதல் வெற்றிடத்திலிருந்து வரியின் முடிவைத் தேடிப் போய் ஏமாறும், பிறகு இரண்டாவதிலிருந்து தேடும், பிறகு மூன்றாவது. கூட்டினால் ஏறத்தாழ 20 கோடி சோதனைகள். அந்தப் பதிவு முகப்புப் பக்கப் பட்டியலில் வந்துவிட்டது. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோடு பேலன்சரோ, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதை முகப்புப் பக்கத்தைக் கேட்டுத்தான் சோதித்தது. பதில் வராத சர்வர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டது. அந்த அணியினர் வெளியிட்ட கணக்கின்படி, காரணத்தைக் கண்டுபிடிக்க 10 நிமிடம், திருத்தத்தை எழுத 14 நிமிடம், எல்லா இடத்திலும் ஏற்ற 10 நிமிடம். அன்று எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? பதிவு டேட்டாபேஸில் இருக்கிறது. அடுத்த முகப்புப் பக்கக் கோரிக்கையிலேயே சிபியு மறுபடி ஏறியிருக்கும்.

இரண்டாவது, 2019 ஜூலை 2 அன்று, இணையதளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் நடந்தது. ஃபயர்வாலுக்கு எழுதிய ஒரு புதிய விதி ஒரே நேரத்தில் உலகெங்கும் ஏற்றப்பட்டது. எதையும் தடுக்காமல் வெறும் சோதனை முறையில்தான் ஓட வேண்டும் என்ற எச்சரிக்கையோடு அதை ஏற்றினார்கள். தடுக்கவில்லையே தவிர, விதி ஒவ்வொரு கோரிக்கையின் மீதும் ஓடத்தானே செய்யும்? அதிலிருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் முன்னும் பின்னும் அலைபாய்ந்து எல்லா சர்வர்களின் சிபியுவையும் விழுங்கிவிட்டது. மிக மோசமான கட்டத்தில் போக்குவரத்து 82 சதவீதம் சரிந்தது. முதலில் எழுந்த ஐயம், இது இதுவரை காணாத ஒரு தாக்குதலோ என்பது. அந்த ஐயத்தைத் தீர்த்தது ஓடும் சர்வரிலிருந்து நேரடியாக எடுத்த சிபியு விவரம். ஃபயர்வால்தான் காரணம் என்று அது தெளிவாகக் காட்டியது. வேறொருவர் சிஸ்டம் கால்களைப் பார்த்து உறுதி செய்தார். 13:42க்குத் தொடங்கிய முடக்கத்தின் காரணம் 14:00 மணிக்குத் தெரிந்தது. 14:09க்கு நிலைமை சீரானது. தாக்குதல் என்ற ஊகத்தின் பின்னால் போயிருந்தால் அந்த 27 நிமிடம் எத்தனை மணி நேரமாக நீண்டிருக்கும்?

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது: வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், கட்டணம் செலுத்தும் பக்கம் திறக்கவில்லை, இந்த நேரத்தில் ஆராய்ச்சி எதற்கு? சேவையை மீட்பதுதான் முதல் கடமை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நான் கேட்பது ஆராய்ச்சி அல்ல, தடயம் சேகரிப்பு. ஜாவா புராசஸின் த்ரெட் நிலையைக் கோப்பில் எழுதச் சில நொடிகள் போதும். எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று லினக்ஸின் பெர்ஃப் கருவியால் முப்பது நொடி மாதிரி எடுக்கலாம். டேட்டாபேஸில் இப்போது ஓடும் குவரிகளின் பட்டியலுக்கு ஒரே கட்டளை. பிறகு தாராளமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல சர்வர்கள் இருந்தால் ஒன்றை மட்டும் லோடு பேலன்சரிலிருந்து விலக்கி, அணைக்காமல் வைத்துக்கொள்ளலாம். சிக்கிக்கொண்ட த்ரெட் அதில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் 2014இல் எழுதிய ஒரு நிகழ்வு இதற்கு நல்ல சான்று. அவர்களுடைய நோட்.ஜேஎஸ் சேவையில் பதில் நேரம் மணிக்குப் பத்து மில்லிநொடி வீதம் கூடிக்கொண்டே போனது, சிபியுவும் கூடவே ஏறியது. ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மில்லிநொடிக்கு இறங்கும், பிறகு மறுபடி ஏறும். ரீஸ்டார்டைத் தற்காலிக ஏற்பாடாக வைத்துக்கொண்டு அவர்கள் ஓடும் புராசஸின் பிளேம் கிராஃபை, அதாவது எந்த ஃபங்ஷன் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் படத்தை, எடுத்தார்கள். முகவரிகளைப் பிரித்தனுப்பும் பகுதியில் ஒரே ஹேண்ட்லர் மறுபடி மறுபடி சேர்க்கப்பட்டு, பட்டியல் நீண்டுகொண்டே போனது அதில் தெரிந்தது. காரணம் அவர்கள் கோடிலேயே இருந்தது. ரீஸ்டார்ட் அந்தப் பட்டியலைத்தான் காலி செய்துவந்தது. அதாவது, தடயத்தையே அழித்துவந்தது.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. மெஷின் மலிவு, பொறியாளரின் நேரம் விலை உயர்ந்தது, பெரிய மெஷின் வாங்கிவிட்டால் போயிற்று என்பார்கள். தளத்துக்கு உண்மையாகவே ஆட்கள் கூடியிருந்தால் இது முற்றிலும் சரி. அப்போது மெஷின் கூட்டுவதுதான் நேர்மையான பதில். ஆனால் கூடியது ஆட்களா, வீண்வேலையா என்பது பார்க்காமல் எப்படித் தெரியும்? வீண்வேலை சிலசமயம் இருபடி வேகத்தில் வளரக்கூடியது. வெற்றிடங்கள் 20,000 என்பது 40,000 ஆகியிருந்தால் சோதனைகள் 20 கோடியிலிருந்து 80 கோடியாகியிருக்கும். இரண்டு மடங்கு வேகமான மெஷின் அந்த இடத்தில் பாதி பாரத்தைத்தான் தாங்கும். கிளவுட்ஃப்ளேருக்கு மெஷின் பஞ்சமா? உலகம் முழுக்க இருந்த மெஷின்கள் அத்தனையும் சேர்ந்து ஒரு வரி ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் தாங்கவில்லை. இத்தனைக்கும் இந்தச் சிக்கலே வராத தேடல்முறையைக் கென் தாம்ஸன் 1968இலேயே வெளியிட்டிருந்தார். அதன் வழியில் அமைந்த ஆர்இ2 அல்லது ரஸ்ட் மொழியின் நூலகத்துக்கு மாறுவது என்று சம்பவத்துக்குப் பின் கிளவுட்ஃப்ளேர் முடிவெடுத்தது. தீர்வு வன்பொருளில் இல்லை, வழிமுறையில் இருந்தது.

மூன்றாவது மறுப்பு சிறிய தளம் நடத்துகிறவர்களுடையது. எங்களிடம் பெரிய கருவிகளும் இல்லை, ஆளும் இல்லை, வாடகை சர்வரில் அனுமதியும் குறைவு என்கிறார்கள். இந்தக் குரலை மதிக்கிறேன். தமிழில் தளம் நடத்துகிற எத்தனையோ பேரின் நிலைமை இதுதான். ஆனால் அக்சஸ் லாக் எல்லோரிடமும் இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து, எந்தப் பக்கத்துக்கு, எத்தனை கோரிக்கை என்று எண்ணினாலே பாட் தொல்லை பெரும்பாலும் பிடிபடும். மைஎஸ்க்யூஎல்லின் ஸ்லோ குவரி லாகையும் இயக்கலாம். ஆனால் அது இயல்பாக 10 நொடிக்கு மேல் ஆகும் குவரிகளை மட்டுமே எழுதும். கால் நொடி எடுக்கும் ஒரு குவரி நிமிடத்துக்கு ஆயிரம் முறை ஓடினால், நிமிடத்துக்கு 250 நொடி செயலி நேரம் போகிறது. நான்கு கோர்களை அது ஒன்றே தின்றுவிடும். லாகில் ஒரு வரிகூட வராது. அந்த எல்லையைக் குறைத்து, தனித்தனி நேரத்தைப் பார்க்காமல் மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் விடை வெளியே வரும். இதற்குத் தேவை பணம் இல்லை. வரிசையாகக் கேள்வி கேட்கிற பொறுமை மட்டுமே.

இந்தப் பொறுமைக்கு முன்பைவிட இப்போது நல்ல துணை கிடைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். உற்பத்தியில் ஓடும் சர்வரைத் தொடாமல் உள்ளே பார்ப்பது ஒரு காலத்தில் அரிய வித்தை. 2005இல் சோலாரிஸ் 10 உடன் டிட்ரேஸ் வந்தது. 2009இல் லினக்ஸ் கெர்னலோடு பெர்ஃப் வந்தது. 2011இல் ஒரு மைஎஸ்க்யூஎல் சர்வரின் சிபியு சிக்கலை ஆராய்ந்துகொண்டிருந்த பிரெண்டன் கிரெக், லட்சக்கணக்கான வரிகளாகக் குவிந்த மாதிரிகளைப் படிக்க முடியாமல், அவற்றை ஒரே படமாக அடுக்கினார். பிளேம் கிராஃப் அப்படித்தான் பிறந்தது. எந்தப் பட்டை அகலமோ அதற்குரிய ஃபங்ஷன்தான் சிபியுவைத் தின்கிறது. இந்தக் கருவிகளுக்கும் எல்லை உண்டு. சிபியு பயன்பாடு என்று கணக்கில் வரும் நேரத்தில் ஒரு பகுதி, செயலி ரேமிலிருந்து தரவு வரக் காத்திருந்த நேரமாகவும் இருக்கலாம் என்று கிரெக்கே 2017இல் எழுதினார். சிபியு ஓய்வாக இருந்தும் தளம் மந்தம் என்றால் த்ரெட்கள் காத்துக்கிடக்கும் பூட்டு (lock), நெட்வொர்க், வெளிச்சேவை என்று வேறு இடங்களில் தேட வேண்டும். ஆனாலும் சிபியு நிறைந்து வழிகிற நேரத்தில், எதனால் என்று தெரியவில்லை என்று சொல்வதற்கு இன்று தொழில்நுட்பக் காரணம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், பழி. காரணம் தெரியாத சர்வர் கோளாறுகளில் பழி யார்மீதாவது போய் விழுந்தே தீரும். அண்மையில் சேர்ந்த இளைஞர், கடைசியாகக் கோடு ஏற்றியவர், ஹோஸ்டிங் நிறுவனம், கண்ணுக்குத் தெரியாத ஹேக்கர் என்று ஆதாரம் இல்லாத இடத்தில் வசதிப்பட்ட ஆள் குற்றவாளியாகிறார். சர்வரைப் பார்ப்பது மனிதர்களுக்கும் செய்யும் நீதி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் கிளவுட்ஃப்ளேரும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் தடுமாற்றங்களை நிமிடக் கணக்கோடு எழுதி வெளியிட்டதால்தான் இன்று நாம் அவற்றிலிருந்து வாதாட முடிகிறது. அணைத்துவிட்டுப் போயிருந்தால் எழுதுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே என் கோரிக்கை எளியது. சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு ரீஸ்டார்ட் செய்யும் அனுமதியைக் கொடுப்பதற்கு முன், உள்ளே பார்க்கும் அனுமதியைக் கொடுங்கள். எந்தெந்தத் தடயங்களை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை அமைதியான ஒரு நாளில் ஒரே ஸ்கிரிப்டாக எழுதி ஒவ்வொரு சர்வரிலும் போட்டுவையுங்கள். நெருக்கடியில் யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது. அந்த ஸ்கிரிப்டை ஓட்ட ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கிற அணிக்கு அதே கோளாறு அடுத்த மாதமும் அதே வடிவில் திரும்பி வருவது குறையும்.